ஏ.இ.டி. என்றால் மாத்திரையா, மெஷினா, துபாய்ப் பணமா? தெரியுமா?

ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டால் அது வலிப்பு நோய் ஆகிவிடாது. தெரியுமா உங்களுக்கு? இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை வீடுகளில் பயந்து பயந்து பிள்ளையைப் பொத்தி வளர்க்கிறார்கள்!

குழப்பம் நம் சொல்லிலேயே இருக்கிறது. கை கால் வெட்டி இழுக்கும் அந்த இரண்டு நிமிடத்தையும் வலிப்பு என்கிறோம். வருஷக்கணக்கில் கூடவே வரக்கூடிய நோயையும் வலிப்பு என்கிறோம். டாக்டர்களுக்கு இரண்டும் வேறு வேறு. முதலாவது சீஷர், ஒரு நிகழ்ச்சி. இரண்டாவது எபிலெப்சி, ஒரு நோய். சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறும்போது வருகிற வலிப்பு, சர்க்கரை தடாலென்று இறங்கி வருகிற வலிப்பு, கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் எகிறி வருகிற வலிப்பு... இவற்றை வைத்து மட்டும் யாரையும் எபிலெப்சி நோயாளி என்று சொல்ல முடியாது!

அப்படியானால் எதுதான் எபிலெப்சி? 1909-இல் புடாபெஸ்ட் நகரில் தொடங்கப்பட்ட சர்வதேச வலிப்பு நோய் மருத்துவர் அமைப்பு 2014-இல் தெளிவாக வரையறுத்தது. தூண்டும் காரணம் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு, குறைந்தது இரண்டு வலிப்பு வந்திருக்க வேண்டும். அல்லது ஒன்றே ஒன்று வந்திருந்தாலும், அடுத்த 10 ஆண்டுகளில் மறுபடி வரும் வாய்ப்பு 60 சதவீதமாவது இருக்க வேண்டும். அல்லது, குறிப்பிட்ட எபிலெப்சி வகைகளில் ஒன்று என்று டாக்டர் உறுதி செய்திருக்க வேண்டும். இவ்வளவுதான்!

இதைவிட ஆச்சரியம், அதே வரையறை நோய்க்கு ஒரு முடிவையும் எழுதி வைத்திருக்கிறது. 10 ஆண்டுகள் வலிப்பே இல்லை, அதில் கடைசி 5 ஆண்டுகள் மருந்தும் இல்லை என்றால், எபிலெப்சி தீர்ந்துவிட்டதாகக் கணக்கு! 'வந்தால் போகாது' என்று ஊரில் சொல்வதை இனி நம்பாதீர்கள்.

காக்காய் வலிப்பில் காக்காயே இல்லை, தெரியுமா? கால் கை வலிப்புதான் பேச்சு வழக்கில் தேய்ந்து காக்காய் வலிப்பு ஆனது என்பார்கள். சரி, சாவிக்கொத்தைக் கையில் திணித்தவுடன் வலிப்பு நிற்கிறதே, அது எப்படி? பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். யாரோ ஓடிப்போய் சாவி தேடி எடுத்து வருவதற்கும் அது அடங்குவதற்கும் நேரம் சரியாக இருக்கிறது. பெயர் இரும்புக்குப் போய்விட்டது!

இனி, மருந்துச் சீட்டில் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். தலை சுற்றும்.

ஏ.இ.டி. என்று நரம்பியல் டாக்டர் எழுதினால் வலிப்புத் தடுப்பு மருந்து. அதே மூன்று எழுத்து, சுவரில் தொங்கும் பெட்டியில் இதயப் படத்தோடு இருந்தால், தாறுமாறாகத் துடித்து நின்றுபோகப் பார்க்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் மெஷின். பணம் மாற்றும் கவுண்டரில் எழுதியிருந்தால் அமீரகத்தின் திர்ஹம்! துபாய் விமான நிலையத்தில் நிற்கும் ஒரு நோயாளியை நினைத்துப் பாருங்கள்: பையில் ஒரு ஏ.இ.டி., சுவரில் ஒரு ஏ.இ.டி., பர்ஸில் ஒரு ஏ.இ.டி.!

இப்போது அந்த மருந்துகளின் பெயரையே மாற்றி வருகிறார்கள். அவை வலிப்பு வராமல் அடக்குகின்றனவே தவிர, எபிலெப்சியின் வேரை எடுப்பதில்லை. அதனால் ஏ.எஸ்.எம்., அதாவது சீஷர் தடுப்பு மருந்து என்பதே சரி என்கிறார்கள். நியாயமான மாற்றம். ஆனால் நம் ஊர் ரயில்வேயில் ஏ.எஸ்.எம். என்றால் யார் தெரியுமா? உதவி ஸ்டேஷன் மாஸ்டர்!

சி.பி.டி.யும் அப்படித்தான். கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்திகரித்த, போதை தராத கேனபிடயால் என்ற பொருள் அது. குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் இரண்டு கடுமையான வலிப்பு வகைகளுக்கு 2018-இல் அமெரிக்கா அதை மருந்தாக அனுமதித்தது. வயிற்று சர்ஜனுக்கு சி.பி.டி. என்றால் பித்தநாளம். நவி மும்பையில் அது பேலாப்பூருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் பெயராகவே இருக்கிறது!

டி.எல்.இ.? நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் இருக்கும் மூளைப் பகுதியில் தொடங்கும் எபிலெப்சி. அந்த வலிப்பில் சிலர் கீழேகூட விழ மாட்டார்கள். இல்லாத ஒரு வாசனை வரும், புது இடம் ஏற்கெனவே பார்த்த இடம் போலத் தோன்றும். அதே எழுத்து, செயற்கைக்கோள் வானில் எங்கே சுற்றுகிறது என்று இரண்டு வரியில் சொல்லும் குறிப்புக்கும் பெயர். மூளையை ஆராயும் பெட் ஸ்கேனில் இருக்கும் 'பெட்', உங்கள் மேஜை மேல் இருக்கும் தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக்குக்கும் பெயர்.

இ.இ.ஜி. என்ற மூளைச் சோதனையில் மட்டும் இந்தத் தொல்லை குறைவு. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின் அலையை முதன்முதலில் பதிவு செய்தார். இன்றைக்கும் அதற்குப் போகிறவர்களிடம் முதலில் சொல்வது என்ன தெரியுமா? 'தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வாங்க!' வகிடு வகிடாக முடியை விலக்கி, பசை தடவி, ஒவ்வொரு ஒயராக ஒட்டுவார்கள். பிறகு வேகமாக மூச்சுவிடச் சொல்வார்கள். மூடிய கண்ணுக்கு முன்னால் விளக்கை மின்ன விடுவார்கள். தேடுவது ஒரு டார்ச் செல்லின் அழுத்தத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத மின்சாரத்தை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒயர் சரியாக ஒட்டாது!

இதெல்லாம் வியப்பு. ஆனால் எழுத்தின் பொருள் மாறினால் உயிருக்கே ஆபத்தான இடமும் உண்டு. அதுதான் எம்.எஸ். ஒருவருக்கு அது மெக்னீசியம் சல்பேட், இன்னொருவருக்கு மார்ஃபின் சல்பேட். முன்னது கர்ப்பகால வலிப்பைத் தடுக்கும் அருமருந்து. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்த ஆய்வு, அந்த ஆபத்தை அது பாதிக்கும் மேல் குறைப்பதாக 2002-இல் காட்டியது. பின்னதோ வலியை அடக்கும்போதே மூச்சையும் தணிக்கக்கூடியது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால்? அதனால்தான் அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், எழுதவே கூடாத சுருக்கங்கள் பட்டியலில் இதைச் சேர்த்தது. முழுப் பெயரை எழுது என்பதே உத்தரவு. எழுதுவதற்கு எத்தனை விநாடி ஆகிவிடும்!

ஒரு சொல் வாழ்க்கையையே மறிக்கும் என்பதற்கு நம் சட்டமே சாட்சி. 1976-இல் திருத்திய இந்து திருமணச் சட்டம், மனநோயோடு எபிலெப்சியையும் திருமணத்துக்குத் தடையாக ஒரே வரியில் வைத்திருந்தது. 1999-இல்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1992 கிரிக்கெட் உலகக் கோப்பையில், பறந்துபோய் ஸ்டம்பைச் சாய்த்து பாகிஸ்தானின் இன்சமாமை ரன் அவுட் செய்தாரே தென்னாப்பிரிக்காவின் ஜான்டி ரோட்ஸ், அவர் எபிலெப்சி உள்ளவர். தெரியுமா?

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு எபிலெப்சி இருக்கிறது. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே சீட்டில் புரியாத எழுத்து இருந்தால் தயங்காமல் கேளுங்கள்: 'டாக்டர், இதை முழுசாச் சொல்லுங்க.' பக்கத்தில் யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லையென்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.