பில்லைப் பிரித்தால் பாக்கி பிசகும்

பழைய பில் புரோகிராமை விட்டுப் புதியதற்கு மாறும் வணிக நண்பர்கள், பழைய கணக்கை எழுத்துக் கோப்பாக எடுத்துப் புதியதில் ஏற்றுகிறார்கள். அதில் நமக்கு ஏற்பட்ட அனுபவத்தைச் சொல்கிறோம்.

காந்தி மார்க்கெட்டில் உள்ள நமது கடையில் இப்படி ஏற்றிய மறுவாரம், ஸ்ரீரங்கத்துக் கடைக்காரர் ஒருவருக்கு முதல் பாக்கிச் சீட்டை அனுப்பினோம். முப்பது வருடப் பழக்கம் உள்ளவர். சீட்டோடு நேரில் வந்துவிட்டார். "அண்ணே, 18,400 ரூபாய்க்குத்தானே சரக்கு எடுத்தேன்? 36,800 என்று போட்டிருக்கிறீர்களே!" என்றார். நமக்குத் தலைகுனிவாகப் போயிற்று.

காரணம் இதுதான். கோப்பில் ஒரு பில் பல வரிசைகளாக இருக்கிறது. முதல் வரிசையில் பில் எண், தேதி, கடைப் பெயர், அடுத்தடுத்துச் சரக்குகள், கடைசியில் கூட்டுத்தொகை. நம் கண்ணுக்கு அது ஒரே பில். கம்ப்யூட்டரோ ஒவ்வொரு வரிசையையும் தனிப் பதிவாக எடுத்தது. கூட்டுத்தொகையையும் ஒரு சரக்காகச் சேர்த்துவிட்டது.

ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்துக்குத் தயாரிக்கும் கோப்பிலும் இதைக் காணலாம். ஒரே பில்லில் 5 சதவீதச் சர்க்கரையும் 18 சதவீதச் சலவைத் தூளும் இருந்தால் இரண்டு வரிசைகள் எழுத வேண்டும். பில் எண்ணும் முழுப் பில் தொகையும் இரண்டிலும் ஒன்றே. வரி விகிதமும் வரிக்குரிய மதிப்புமே மாறும். பில் தொகைப் பத்தியை அப்படியே கூட்டினால் அங்கும் இரட்டிப்புதான்.

ஆகவே ஏற்றுபவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

1. பழைய கோப்பின் நகல் ஒன்றைத் தனியே பத்திரப்படுத்த வேண்டும்.

2. வாடிக்கையாளர், சரக்குப் பெயர்களை முதலில் ஏற்றி, பில்களைப் பின்னால் ஏற்ற வேண்டும். டேலியிலும் இதுவே முறை.

3. பில் தலைப்பு ஒரு பட்டியலிலும் சரக்குகள் வேறொரு பட்டியலிலும் இருக்கட்டும். ஒவ்வொரு சரக்கு வரிசையிலும் பில் எண் இருக்க வேண்டும். மறு வருடம் அதே எண் திரும்ப வரும் என்பதால் நிதியாண்டையும் சேர்க்க வேண்டும்.

4. கூட்டுத்தொகை சரிபார்க்க மட்டுமே. சரக்குத் தொகைகளும் வரியும் சேர்ந்து அதனோடு ஒத்துவராவிட்டால், அந்தப் பில் முழுவதையும் ஒதுக்கி வைக்க வேண்டும். பாதிப் பில்லை ஏற்றக் கூடாது.

5. முடிவில் பில்களின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

நாம் அனைத்தையும் அழித்து, இம்முறையில் மறுபடி ஏற்றினோம். திருத்திய சீட்டைக் கண்டதும் ஸ்ரீரங்கத்து நண்பர் பணத்தைக் கட்டிவிட்டார். ஆனால் அன்று முதல் பில்லை நம் எதிரிலேயே ஒருமுறை கூட்டிப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.