மில்லேனியம் பரிசும் எங்கப்பா கேட்ட கேள்வியும்

(மூன்றாம் ஆண்டு மின்னியல் துறை மாணவி)



நோபல் பரிசு என்றால் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நோபலில் என்ஜினியரிங் என்று தனிப் பிரிவு கிடையாது. அப்படியானால் டெக்னாலஜி படிக்கிற நமக்கென்று ஒரு பெரிய பரிசு உலகத்தில் இல்லையா? இருக்கிறது! பின்லாந்து நாட்டில் கொடுக்கிறார்கள். அதன் பெயர் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. தொகை பத்து லட்சம் யூரோ. ‘கண்டுபிடித்தது மக்களுடைய வாழ்க்கையை மேம்படுத்தியதா?’ என்பதுதான் இந்தப் பரிசுக்கு முக்கியமான கேள்வி.

இந்தப் பரிசைப் பற்றி நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மில்லில் நடந்தது

எங்கப்பா ஒரு நூல் மில்லில் ஹெல்ப்பர். பஞ்சுக்கு ஈரக்காற்று அனுப்பும் பிளாண்ட்டில் வேலை. ஆள் உயரத்துக்கு மேல் பெரிய ஃபேன்கள் அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். போன வருஷம் இன்பிளாண்ட் டிரெய்னிங்கிற்கு அந்த மில்லுக்கே போனேன்.

ஒருநாள் ஒரு ஃபேனின் டிரைவ் புகைந்து நின்றுவிட்டது. எலக்ட்ரீசியன் அண்ணன் சப்ளையை ஆஃப் செய்து மூடியைக் கழற்றினார். நான் ஆர்வத்தில் கையை உள்ளே நீட்டிவிட்டேன். பளாரென்று என் கையைத் தட்டிவிட்டார். “பஸ் வோல்டேஜ் எறங்கிருச்சான்னு பாத்தியா?” என்று சத்தம் போட்டார். பிறகு மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். சப்ளை ஆஃப் ஆன பிறகும் கெபாசிட்டரில் சில நூறு வோல்ட் நின்றுகொண்டிருந்தது. எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. (தோழர்களே, 415 வோல்ட் மூன்று பேஸை டிசி ஆக்கினால் உச்சமாக 587 வோல்ட் வரும். 415-ஐ 1.414-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆஃப் செய்ததும் அது செத்துவிடாது. டிரைவின் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.)

உள்ளேயிருந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டியை எடுத்து வெளியே வைத்தார்கள். அதுதான் எரிந்துபோன பொருள். அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, இத்துனூண்டுதானா அத்தாப்பெரிய மோட்டாரைச் சுத்த வெக்குது? இதென்ன?”

“ஐ.ஜி.பி.டி.ங்கப்பா.”

“அப்படீன்னா?”

“இன்சுலேட்டட் கேட் பைபோலார் டிரான்சிஸ்டர்ங்கப்பா.”

“அது சரி. தமிழ்ல சொல்லு கண்ணு.”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை! அந்தக் கேள்விக்குப் படம் போட்டு பரீட்சை எழுதியவள்தான் நான். மார்க்கும் நன்றாகவே வந்திருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் அந்தக் கட்டியைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு லைப்ரரியில் உட்கார்ந்து தேடியபோதுதான், 2024-ஆம் ஆண்டு மில்லேனியம் பரிசே அந்தக் கறுப்புக் கட்டிக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று தெரிந்தது!

பரிசு பெற்றவர்கள்

2004: டிம் பெர்னர்ஸ்-லீ. வேர்ல்டு வைட் வெப். முதல் பரிசே இவருக்குத்தான்.

2006: ஷூஜி நகமுரா. பிரகாசமான நீல எல்.இ.டி.

2008: ராபர்ட் லாங்கர். மருந்தை உடம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பொருள்கள்.

2010: மைக்கேல் கிராட்சல். சாயத்தால் வெளிச்சத்தைப் பிடிக்கும் சோலார் செல்.

2012: லினஸ் டோர்வால்ட்ஸ் (லினக்ஸ்), ஷின்யா யமனகா (ஸ்டெம் செல்). இருவருக்கும் பகிர்ந்து.

2014: ஸ்டூவர்ட் பார்கின். ஹார்ட் டிஸ்க்கின் கொள்ளளவைப் பல மடங்கு உயர்த்தியவர்.

2016: பிரான்சிஸ் அர்னால்ட். என்சைம்களைப் படிப்படியாக மாற்றித் தேர்ந்தெடுக்கும் முறை. 2018-இல் நோபலும் வாங்கினார்.

2018: டூமோ சுன்டோலா. ஒரு அணு கனத்துக்கு அடுக்கடுக்காகப் படலம் பூசும் முறை. 1970-களில் டிஸ்பிளே பலகைக்காகச் செய்தது. பின்னாளில் சிப் தயாரிக்க அவசியமாகிவிட்டது.

2020: சங்கர் பாலசுப்ரமணியன், டேவிட் கிளெனர்மன். மரபணுவை வேகமாகப் படிக்கும் முறை. மனித மரபணுத் தொகுதியை முதன்முதலில் படிக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. இப்போது ஒரு நாளில் முடிகிறது. (இந்தப் பரிசு 2021-இல் வழங்கப்பட்டது.)

2022: மார்ட்டின் கிரீன். பெர்க் வகை சோலார் செல்.

2024: பி. ஜெயந்த் பாலிகா. ஐ.ஜி.பி.டி.

இதில் சங்கர் பாலசுப்ரமணியன் சென்னையில் பிறந்து, குழந்தையிலேயே இங்கிலாந்து போனவர். பாலிகாவும் சென்னையில் பிறந்தவர். கிண்டி ஐ.ஐ.டி.யில் 1969-இல் பி.டெக். முடித்தவர். எல்லோரைப் பற்றியும் எழுத இடம் போதாது. நம் துறைக்கு நெருக்கமான இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீல விளக்கு நகமுரா

சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. பச்சையும் வந்தது. பிரகாசமான நீலம் மட்டும் முப்பது வருஷம் வரவில்லை. நீலம் இல்லாவிட்டால் வெள்ளை வெளிச்சம் இல்லை. நம் லேபில் ஒரு சிவப்பு எல்.இ.டி.யையும் ஒரு நீல எல்.இ.டி.யையும் எரியவிட்டு வோல்டேஜ் பாருங்கள். சிவப்பில் சுமார் 2 வோல்ட், நீலத்தில் சுமார் 3 வோல்ட் விழும். நீல ஒளிக்கு எனர்ஜி அதிகம். அதற்கேற்ற பொருள் காலியம் நைட்ரைடு. அதை நல்ல கிரிஸ்டலாக வளர்ப்பதுதான் கஷ்டம்.

நகமுரா படித்தது டோக்கியோவில் இல்லை. டோக்குஷிமா என்ற வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில். 1979-இல் அதே பகுதியில் நிச்சியா என்ற சிறிய கம்பெனியில் சேர்ந்தார். டியூப் லைட், டி.வி. திரைக்குப் பூசும் பாஸ்பர் பவுடர் தயாரிக்கும் கம்பெனி அது. அங்கே குவார்ட்ஸ் குழாயை அவரே வெல்டிங் செய்வார். சில சமயம் அது வெடித்தும் இருக்கிறது. 1988-இல் ஒரு வருஷம் அமெரிக்காவில் ஃபுளோரிடா போய் கிரிஸ்டல் வளர்க்கும் முறையைக் கற்றார். அப்போது அவரிடம் டாக்டர் பட்டம் கிடையாது. அதனால் அங்கிருந்தவர்கள் தன்னை ஒரு டெக்னீஷியனாகவே நடத்தினார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். டிப்ளமோ படிக்கிற நமக்கு அந்த வலி புதிதா என்ன?

ஊர் திரும்பி, ரியாக்டரைத் தன் கையாலேயே பிரித்து மாற்றினார். கேஸை ஒரு திசையில் மட்டும் விடாமல் இன்னொரு திசையிலும் விட்டுப் பார்த்தார். கிரிஸ்டல் நன்றாக வளர்ந்தது. 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி. வெளிவந்தது. டாக்டர் பட்டம் 1994-இல்தான்! நீல சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசினால் வெள்ளை விளக்கு. பாஸ்பர் கம்பெனிக்கு அது கைவந்த கலைதானே. அவருக்கு முன்பே காலியம் நைட்ரைடில் அடிப்படை வேலை செய்த அகாசாகி, அமனோ இருவரோடு சேர்ந்து 2014-இல் இயற்பியல் நோபலும் பெற்றார்.

பாலிகாவும் மடையும்

இனி அந்தக் கறுப்புக் கட்டிக்கு வருவோம். அப்பாவிடம் நான் கடைசியில் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். கரண்டைத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரான்சிஸ்டர் என்பது வாய்க்கால் மடை.

பழைய பைபோலார் டிரான்சிஸ்டர் கனமான மடை. தண்ணீர் நிறையப் போகும். ஆனால் திறந்து வைத்திருக்க ஒரு ஆள் விடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் பேஸ் கரண்ட்.

மாஸ்ஃபெட் விரல் வைத்தால் திறக்கும் மடை. கேட்டில் வோல்டேஜ் கொடுத்தால் போதும். ஆனால் பல நூறு வோல்ட்டைத் தடுக்க வேண்டுமானால் சிலிக்கானில் கனமான ஓர் அடுக்கு வைக்க வேண்டும். அந்த அடுக்கு குறுகலான வாய்க்கால் மாதிரி. ரெசிஸ்டன்ஸ் அதிகம், சூடு அதிகம்.

பாலிகா அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்தார். மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவுக்கு அங்கே ஒரு நல்ல ஸ்விட்ச் தேவைப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் இந்த இரண்டு குணத்தையும் ஒரே துண்டில் சேர்த்தார். மேலே மாஸ்ஃபெட் கேட். அடியில் ஒரு பி அடுக்கு. கேட் திறந்ததும் அடியிலிருந்து ஹோல்கள் அந்தக் கனமான அடுக்குக்குள் புகுந்து நிரம்புகின்றன. ரெசிஸ்டன்ஸ் இறங்கிவிடுகிறது. அதாவது மடையைத் திறந்தால் வாய்க்கால் தானாகவே அகலமாகிவிடுகிறது!

வேறு சிலரும் இதே வழியில் முயன்றார்கள். ஒரு பெரிய தொல்லை இருந்தது. பி-என்-பி-என் என்று நான்கு அடுக்கு சேர்ந்தால் உள்ளே ஒரு தைரிஸ்டர் ஒளிந்துகொள்ளும். அது ஒருமுறை பிடித்துக்கொண்டால் கேட் சொன்னாலும் கேட்காது. மடை திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். அந்த நிலை வராதபடி பாலிகா டிசைன் செய்தார்.

லாபம் என்ன?

முன்பு மில் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடும். காற்று குறைய வேண்டுமானால் டேம்பரை மூடுவார்கள். ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டே பிரேக் பிடிக்கிற கதைதான். டிரைவ் வந்த பிறகு ஃபிரீக்வென்சியையே குறைக்கலாம். 120-ஐ ஃபிரீக்வென்சியால் பெருக்கி போல் எண்ணிக்கையால் வகுத்தால் சிங்க்ரனஸ் வேகம். 4 போல் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் 1500, 40 ஹெர்ட்ஸில் 1200. ஃபேனுக்குத் தேவையான பவர், வேகத்தின் மூன்றாம் அடுக்கு. 0.8 × 0.8 × 0.8 = 0.512. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் பவர் ஏறக்குறைய பாதியாகிறது! மெட்ரோ ரயில், இண்டக்‌ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர் வெல்டிங், காற்றாலை, எலக்ட்ரிக் கார் என்று எத்தனையோ இடத்தில் ஐ.ஜி.பி.டி. வேலை செய்கிறது.

அப்பாவின் கேள்வி

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னேன். மடை, வாய்க்கால் எல்லாம் கரித்துண்டால் வரைந்து காட்டினேன். அப்பா மில்லுக்கு வருமுன் பண்ணையம் பார்த்தவர். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கேட்டார்:

“அது சரி கண்ணு. வாய்க்கால் அகலமாயிருச்சு. மடையைச் சாத்துன பொறவு அதுல தேங்கி நிக்கிற தண்ணி என்னாகும்? அது வடியற வரைக்கும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்?”

எனக்கு மறுபடியும் பதில் தெரியவில்லை. திங்கட்கிழமை புத்தகத்தைப் புரட்டினேன். நண்பர்களே, அதற்குப் பெயர் டெயில் கரண்ட்! கேட்டை மூடிய பிறகும் உள்ளே தேங்கிய ஹோல்கள் தீரும் வரை கொஞ்சம் கரண்ட் ஓடும். ஒவ்வொரு ஸ்விட்சிங்கிலும் அது சூடாக வீணாகும். ஐ.ஜி.பி.டி.யை மாஸ்ஃபெட் அளவுக்கு வேகமாக ஸ்விட்ச் செய்ய முடியாததற்கு முக்கியக் காரணம் அதுதான். பாலிகாவும் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். சிலிக்கானின் மீது எலக்ட்ரான் கதிரைப் பாய்ச்சி, தேங்கியது சீக்கிரம் தீரும்படி செய்திருக்கிறார். அந்தப் பாராவை நான் பரீட்சைக்கு முன்பே படித்திருக்கிறேன். அடிக்கோடு கூடப் போட்டிருக்கிறேன். ஆனால் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று அப்பா கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அதனால் நண்பர்களே, எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். படித்ததை வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராத இடம்தான் நமக்குப் புரியாத இடம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் தண்ணீர் தெரியும், சூடு தெரியும், மெஷின் போடும் சத்தம் தெரியும்.

அன்று சாயந்தரம் வேலை முடிந்து வந்த அப்பாவிடம் பதிலைச் சொன்னேன். “நீங்க கேட்டதைத்தான் அந்தப் பரிசு வாங்குனவரும் யோசிச்சிருக்காருங்கப்பா” என்றேன். அப்பா சிரித்தார். “பொறவு எப்படி வடிச்சாராம்? அதைச் சொல்லு” என்று செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.