சேய்க்களங்களும் செயலிப் பங்கீடும்: வானிலை மாதிரிகளை இணைக்கணினியில் இயக்குதல்

ஆய்வுச்சுருக்கம்

வானிலை எண்மாதிரிகளில் ஒரு பெருங்களத்தினுள் நுண்ணிய சேய்க்களங்களை அமைத்து இயக்குவது வழக்கம். சேய்க்களங்கள் ஒன்றுக்கு மேற்பட்டிருப்பின், செயலிகளைக் கூட்டுவதால் மட்டும் விரைவு கிட்டுவதில்லை. அவற்றைக் களங்களுக்குப் பங்கிடும் முறை விரைவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை டபிள்யூ.ஆர்.எஃப். மாதிரியைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தாய்க்களம், சேய்க்களம், இணைக்கணினி, விளிம்புப் பட்டை, செயலிப் பங்கீடு

முன்னுரை

2023 அக்டோபரில் அரபிக்கடலில் தேஜ் புயலும் வங்கக்கடலில் ஹாமூன் புயலும் ஒரே காலத்தில் நிலவின. முன்னது ஏமன் கரையையும் பின்னது வங்கதேசக் கரையையும் கடந்தது. இத்தகைய சூழலை மாதிரியில் உருவகிக்க முற்படுவோர், இரு கடல்களையும் உள்ளடக்கிய தாய்க்களம் ஒன்றை அமைத்து, ஒவ்வொரு புயலின் மீதும் நுண்ணிய சேய்க்களம் ஒன்றைப் பொருத்துவர். தாய்க்களம் சேய்க்களத்திற்கு எல்லை மதிப்புகளை வழங்கும். சேய்க்களம் தன் நுண்ணிய விடையைத் தாய்க்களத்திற்குத் திருப்பியளிக்கும்.

கணிப்புச் சுமை

கட்ட இடைவெளி 9 கி.மீ.இலிருந்து 3 கி.மீ. ஆகக் குறையும்போது ஒரே பரப்பில் கட்டப்புள்ளிகள் 9 மடங்காகின்றன. காலப்படியும் சுருங்கவேண்டும். இடைவெளியைக் கிலோமீட்டரில் எடுத்துக்கொண்டு அதன் 6 மடங்கை நொடிகளில் காலப்படியாகக் கொள்வது இம்மாதிரியில் பொதுவிதி. ஆகவே 54 நொடி 18 நொடியாகிறது. மொத்தச் சுமை 27 மடங்காகிறது. கடல் முழுவதையும் நுண்ணிய கட்டத்தால் நிரப்பாமல் சேய்க்களங்களை நாடுவதன் காரணம் இதுவே.

தாய்க்களத்தின் நீளத்திலும் அகலத்திலும் மூன்றில் ஒரு பங்கை ஒரு சேய்க்களம் அடைத்தால் இரண்டின் புள்ளிகளும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் தாய் ஒரு படி நகரச் சேய் மூன்று படிகள் நகரவேண்டும். அதனுள் அதே விகிதத்தில் 1 கி.மீ. களமும் இருப்பின் சுமை 1:3:9 எனப் பிரியும். மொத்தம் 13 பங்கில் வெளிக்களத்திற்கு ஒரு பங்கே சேரும். நேரத்தை மிச்சப்படுத்த வெளிக்களத்தைக் குறுக்கும் பழக்கம் ஆய்வு மாணவரிடையே உண்டு (இக்கட்டுரையாளரும் அதற்கு விலக்கல்லர்). அதனால் மிஞ்சும் நேரம் சொற்பம். எல்லைப் பிழைகள் உட்களத்தை விரைவில் எட்டுவதோ உறுதி.

துண்டும் விளிம்பும்

இணைக்கணினியில் ஒவ்வொரு களமும் செவ்வகத் துண்டுகளாக வெட்டப்பட்டு, செயலிக்கு ஒரு துண்டாக அளிக்கப்படுகிறது. துண்டின் ஓரப் புள்ளிகளைக் கணிக்க அண்டைச் செயலியின் மதிப்புகள் தேவை. ஐந்தாம் படி கிடைப்பெயர்ச்சிக் கணிப்புக்கு இருபுறமும் மும்மூன்று புள்ளிகள் வேண்டும். இவ்வாறு இரவல் பெறும் புள்ளிகளின் தொகுதியே விளிம்புப் பட்டை. துண்டு சிறுக்கச் சிறுக்க, கணிப்பைவிடப் பட்டைப் பரிமாற்றம் மிகும்.

இவ்விடத்தில்தான் உடன்பிறந்த சேய்க்களங்கள் சிக்கலாகின்றன. இம்மாதிரியின் இயல்பான ஏற்பாட்டில் எல்லாச் செயலிகளும் முதலில் முதற்சேய்க்களத்தைக் கணித்து முடித்து, பின்னரே அடுத்ததை எடுக்கின்றன. 1024 செயலிகள் 32×32 என அணிவகுத்து, 384×384 புள்ளிகள் கொண்ட இரு சேய்க்களங்களை இயக்குவதாகக் கொள்வோம். ஒவ்வொரு துண்டும் 12×12, அதாவது 144 புள்ளிகள். மூன்று புள்ளி அகலப் பட்டையைச் சேர்த்தால் 18×18. பட்டையில் மட்டும் 180 புள்ளிகள். இரு களங்களுக்குமாக ஒரு செயலி 288 புள்ளிகளைக் கணிக்க 360 புள்ளிகளை இரவல் பெறுகிறது.

மாறாக, களத்திற்கு 512 செயலிகள் (16×32) எனப் பிரித்து இரண்டையும் ஒருங்கே இயக்கினால், துண்டு 24×12 ஆகும். கணிக்கும் புள்ளிகள் அதே 288. இரவல் 252 ஆகக் குறைகிறது. செய்திப் பரிமாற்றச் சுற்றுகளோ பாதியாகின்றன. ஒவ்வொரு செய்திக்கும் அளவு எதுவாயினும் தொடக்கத் தாமதம் உண்டென்பதால் இது சிறிய ஆதாயமன்று.

இம்முறையைப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தாரும் ஐ.பி.எம். ஆய்வாளர்களும் இணைந்து புளூ ஜீன் கணினிகளில் சோதித்து 2012இல் வெளியிட்டனர். வரிசைமுறை இயக்கத்தைவிட அதிகபட்சம் 33 விழுக்காடு முன்னேற்றம் கிட்டியது. அண்டைத் துண்டுகள் கணினியின் வலைப்பின்னலிலும் அண்டையிலேயே அமையுமாறு செயலிகளைப் பொருத்தியபோது மேலும் 7 விழுக்காடு வரை கிடைத்தது.

பங்கீட்டின் இடர்

சேய்க்களங்கள் யாவும் தாயின் ஒவ்வொரு காலப்படி முடிவிலும் கூடவேண்டும். ஒன்று பிந்தினால் மற்றதன் செயலிகள் வாளாவிருக்கும். எனவே களத்தின் சுமைக்கேற்பவே பங்கீடு அமையவேண்டும். அச்சுமையைப் பரப்பளவு கொண்டு மட்டும் மதிப்பிட இயலாது. களத்தின் நீள அகல விகிதமும் ஓடுநேரத்தை மாற்றும். மழைமேகம் செறிந்த இடத்தில் மேக நுண்ணியற்பியல் கணிப்பு தெளிவான வானத்தைவிட அதிக நேரம் கொள்ளும். புயல் வலுவிழந்தபின் நேற்றைய பங்கீடு இன்று பொருந்தாமற்போகலாம்.

நிரலில் கைவைக்க இயலாத பயனருக்கும் வழியுண்டு. துண்டு ஒன்றுக்கு நான்கு இழைகள் என அமைத்தால் 1024 செயற்கருக்களுக்கு 256 துண்டுகளே தேவைப்படும். பட்டைச் செலவு தணியும். வெளியீட்டுக் கோப்புகளை எழுதத் தனிச் செயலிகளை ஒதுக்கினால், எழுதி முடியும்வரை கணிப்பு காத்திராது.

பொதுக் கணினியில் காத்திருந்து பெற்ற நேரம் பிறிதொரு வகையிலும் வீணாகக்கூடும். அண்மைப் பதிப்புகள், துண்டின் ஏதேனும் ஒரு பக்கம் 10 புள்ளிகளுக்குக் குறைந்தால் இயங்க மறுக்கின்றன. மேற்கண்ட 384 புள்ளிக் களத்தை ஒரு திசையில் 38 துண்டுகளுக்குமேல் வெட்ட இயலாது. எனவே வரிசைமுறை இயக்கத்தில் மிகச்சிறிய களமே முழு ஓட்டத்தின் உச்சவரம்பை விதிக்கிறது. இருமடங்கு செயலி கேட்டு, மூன்று நாள் காத்திருந்து, தொடங்கிய சில நொடிகளில் பணி நின்றுபோனதைக் கண்ட பின்னரே இக்கட்டுரையாளர் இதனை அறிந்தார்.

இம்மாதிரியின் ஆர்.எஸ்.எல். பதிவுக் கோப்புகளில் ஒவ்வொரு களமும் ஒவ்வொரு காலப்படிக்கு எடுத்த நொடிகள் தனித்தனியே பதிவாகின்றன. நெடிய ஓட்டத்திற்கு விண்ணப்பிக்குமுன் மாதிரிக் காலத்தில் ஒரு மணி நேரத்தை 128, 256, 512 செயலிகளில் ஓட்டி அவ்வரிகளை ஒப்பிட்டால், எந்தக் களம் எந்த எண்ணிக்கையில் விரைவு பெறுவதை நிறுத்துகிறது என்பது தெரிந்துவிடும். ஆய்வேடுகளில் செயலிகளின் எண்ணிக்கையோடு இவ்வளவைகளையும் களவாரியான பங்கீட்டையும் குறிப்பிட்டால், பின்வருவோர் அவ்வோட்டத்தை மீண்டும் நிகழ்த்த இயலும்.