மயூர் விஹார் வட்டாரத்து ஊர்ப்பெயர்கள்

தமிழகத்து ஊர்ப்பெயர்களை ஆராய்ந்து ரா. பி. சேதுப்பிள்ளை 'ஊரும் பேரும்' என்ற நூலைத் தந்தார். நாம் குடியிருக்கும் யமுனையின் கீழ்க்கரையையும் அவ்வாறு பார்த்தால் என்ன என்ற எண்ணமே இக்கட்டுரை.

தூண்டியவன் என் பேரன். "தாத்தா, நம்ம ஏரியா பேருக்கு என்ன அர்த்தம்?" என்றான். "மயூரம்னா மயில்டா கண்ணா, விஹார்னா தங்கி மகிழுற இடம்" என்றேன். சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்தது. நான் பிறந்தது மாயூரம். 1982-ல் மயிலாடுதுறை என்று பெயர் மாறிய ஊர். ஒரு மயிலூரிலிருந்து புறப்பட்டு இன்னொரு மயிலூருக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்! 'மயூரம்' என்ற வடசொல்லே நம் 'மயில்' போன்ற திராவிடச் சொல்லிலிருந்து போனது என்பது தாமஸ் பரோ போன்ற அறிஞர்களின் கருத்து.

ஆனால் மயூர் விஹார் என்பது டி.டி.ஏ. குடியிருப்புக்கு இட்ட புதுப்பெயர். அதற்கு முன்னரே இங்கு கிராமங்கள் இருந்தன. பட்பர்கஞ்சை எடுத்துக்கொள்வோம். 'பட்பர்' என்றால் சமதளமான வெட்டவெளி. 'கஞ்ச்' என்றால் தானியச் சந்தை, அதாவது நம்மூர்ப் 'பேட்டை'. 1803 செப்டம்பர் 11-ல் ஆங்கிலேயத் தளபதி லேக் மராட்டியப் படையை வென்ற தில்லிப் போரைப் பட்பர்கஞ்ச் போர் என்றும் சொல்வார்கள். கோட்லா என்றால் சிறு கோட்டை. திரிலோக்புரி, கல்யாண்புரி ஆகியவை 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில், நகரத்துக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய இடங்கள். பெயரில் மூவுலகமும் மங்கலமும் இருந்தாலும் பிறப்பு அப்படி. அடுத்துள்ள நொய்டாவோ 1976-ல் அமைந்த ஓர் ஆணையத்தின் ஆங்கில முதலெழுத்துகள். அதிலுள்ள 'ஓ' ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஓக்லா!

எல்லாவற்றிலும் என்னைச் சிந்திக்க வைத்தது நம் பக்கத்துச் சில்லா கிராமம். வருவாய்ப் பதிவேட்டில் அது இரண்டு: சில்லா சரோதா பாங்கர், சில்லா சரோதா காதர். 'பாங்கர்' என்பது வெள்ளம் எளிதில் எட்டாத பழைய வண்டல் மேடு. 'காதர்' என்பது ஆறு பெருகினால் முழுகும் புதுவண்டல் தாழ்நிலம். காவிரிக்கரையில் இதைத்தான் 'படுகை' என்போம். "படுகையில வாழை போடலாம், வீடு போடக்கூடாது" என்பார் என் அப்பா. இரண்டுக்கும் இடையே நிற்கும் கரைதான் நாம் தினமும் சொல்லும் 'புஷ்தா'.

2023 ஜூலை 13-ல் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது, 1978-ன் 207.49 மீட்டர் சாதனையும் முறிந்தது. காதரில் குடிசை போட்டுப் பயிர் செய்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு நம் மயூர் விஹார் சாலையோரத்தில் கூடாரமடித்துக் கிடந்தன. "இவ்வளவு தண்ணி எங்கேர்ந்து வந்துது?" என்று கேட்காதவர் இல்லை. தண்ணீர் வரும் இடம் என்று அந்த நிலத்தின் பெயரே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நமக்குத்தான் சொல் புரியவில்லை.

புதுப்பெயர் வைத்தவரின் விருப்பத்தைச் சொல்லும்; பழம்பெயர் மண்ணின் குணத்தைச் சொல்லும். வாசக அன்பர்களே, உங்கள் அடுக்ககம் எந்தக் கிராமத்து நிலத்தில் எழுந்தது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் ஒருமுறை கேளுங்கள். குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். சொந்த ஊரின் பெயரை மறவாத நாம், சோறு போடும் ஊரின் பெயரையும் அறிந்து வைத்திருப்பது நல்லதல்லவா?