பெயிண்டு அப்புறம்... முதலில் பிரேக் பைப்பை மாற்றுங்கள்!

தாத்தா ஓட்டிய பிக்கப் வண்டி. ரொம்ப வருஷமாக தென்னந்தோப்பு மூலையில் கோழி அடையும் கூடாரமாகக் கிடந்தது. பேரனுக்குத் திடீர் ஆசை. "இதைத் தூக்கி நிறுத்திக் காட்டுறேன், பார்!" என்று கிளம்பிவிட்டார்.

முதல் செலவு என்ன? பெயிண்டு! இரண்டாவது, சீட் கவர். மூன்றாவது, ஊரையே திரும்ப வைக்கிற ஹாரன்.

வண்டி மாப்பிள்ளை மாதிரி ரோட்டுக்கு வந்தது. குறுக்கே ஒரு ஆடு ஓடியது. பேரன் பிரேக்கை மிதித்தார். பெடல் 'பொசுக்'கென்று தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை!

யாரோ ஒருவரைச் சொல்லவில்லை. வன்னியம்பட்டியில் இருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரை, பழைய வண்டியைத் தூசு தட்டுகிற யாருக்கும் இது நடக்கலாம்.

காரணம்? சேசிசுக்கு அடியில், பென்சிலை விட மெல்லிசாக ஓடும் ஒரு இரும்பு பைப்.

லாரி டயரை விட 10 மடங்கு!

பிரேக் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஆயில் அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தம் பைப் வழியாக நாலு சக்கரத்துக்கும் போய், பிரேக் கட்டையை டிரம்மில் அமுக்குகிறது. அவ்வளவுதான் சூத்திரம். 1921-ல் அமெரிக்காவின் டூசன்பர்க் கார் நாலு சக்கரத்துக்கும் இந்த முறையைக் கொண்டு வந்தது.

பதறிப்போய் மிதிக்கும்போது அந்த பைப்புக்குள் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டையும் தாண்டும். லாரி டயருக்குள் இருப்பதே சுமார் 100 பவுண்டுதான்!

துருப்பிடித்த பைப் மெதுவாக மிதிக்கும் வரை தாங்கும். உயிருக்குப் பயந்து ஓங்கி மிதிக்கும்போதுதான் வெடிக்கும். தேவைப்படாத நேரம் எல்லாம் வேலை செய்துவிட்டு, தேவைப்படும் அந்த ஒரு நேரத்தில் காலை வாரிவிடும்.

ஒரு ஓட்டை, நாலு சக்கரமும் அவுட்

மகேந்திரா கம்பெனி 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே கோர்க்கத் தொடங்கியது. 1965-ல் மூக்கு இல்லாத ஜீப் பிக்கப்பையும் கொண்டு வந்தது. சென்னையில் தயாரான 'ஸ்டாண்டர்ட் 20'யும் அந்தக் காலத்தில் ஓடியது.

அந்தக் கால வண்டிகளில் பெரும்பாலும் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதைதான். எங்கே ஒரு ஊசி ஓட்டை விழுந்தாலும் மொத்த பிரேக்கும் போச்சு! இந்த ஆபத்துக்காகவே அமெரிக்காவில் 1968 முதல் புதுக் கார்களுக்கு இரட்டைப் பாதையைக் கட்டாயம் ஆக்கினார்கள்.

பிக்கப் சுமந்தது என்ன? உர மூட்டை, உப்பு மூட்டை. அது சிந்தி, மழைத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில்தான் துரு முதலில் குடியேறும். மேலே பார்த்தால் தெரியாது.

உள்ளேயும் எதிரி உண்டு. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புது 'டாட் 3' ஆயில் குறைந்தது 205 டிகிரி சூடு வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை தாண்டி புளியரை மலைப் பாதையில் பாரத்தோடு ஏறி இறங்குகிறவர்கள் கவனிக்கவும். இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால், பைப் நன்றாக இருந்தாலும் பெடல் தரைக்குப் போகும்!

எப்படி மாற்றுவது?

பழைய பைப்பைக் கழற்றியதும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். அதுதான் அளவு. நூல் பிடித்து அளந்து, அதே வளைவில் புது பைப்பை வளைக்க வேண்டும். கையால் மடக்கினால் நசுங்கும். வளைக்கும் கருவி வேண்டும்.

பிரேக்குக்கு என்றே வரும் இரட்டைச் சுவர் எஃகு பைப் வாங்குங்கள். "செம்பு பைப் போட்டுக்கலாம் அண்ணாச்சி, வளைக்க லேசு" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். வெறும் செம்பு, வண்டியின் அதிர்வில் இறுகி இறுகி ஒருநாள் விரிசல் விடும். செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் பைப் வேறு சரக்கு. அது துருப்பிடிக்காது. வால்வோ கார் கம்பெனி 1976-லேயே அதற்கு மாறிவிட்டது.

பைப் நுனியை இரண்டு மடிப்பாக விரிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு இந்த அழுத்தத்துக்குத் தாங்காது. விரிக்கும் முன் நட்டை மாட்ட மறக்காதீர்கள். மறந்தால் விரித்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி முதலில் இருந்து!

தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் இங்கே கூடவே கூடாது. பைப் சைலன்சரைத் தொடாமல் ஓட வேண்டும். முன் சக்கரத்துக்கு இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று என்று இருக்கும் ரப்பர் ஹோஸ்களையும் கையோடு மாற்றிவிடுங்கள். பைப் புதுசு, ஹோஸ் பழசு என்றால் வெடிக்கும் இடம் மட்டும்தான் மாறும்.

டீசல் ஊற்றிக் கழுவ வேண்டாம். சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் உப்பிவிடும்.

"மிதி... பிடி... விடு!"

கடைசி வேலை, காற்று எடுப்பது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தடியில்.

நம் ஊர் வண்டியில் டிரைவர் வலது பக்கம். மாஸ்டர் சிலிண்டரும் அந்தப் பக்கம்தான். எனவே தூரத்தில் இருக்கும் இடது பின் சக்கரத்தில் தொடங்கி, கிட்டே வர வேண்டும். "மிதி!" என்றால் மிதித்து, "பிடி!" என்றால் அப்படியே பிடிக்க வேண்டும். கீழே திருகைத் திறந்து மூடும் வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். குமிழி வருவது நிற்கும் வரை இந்தப் பாட்டுத்தான்.

பிறகு பெடலை ஓங்கி மிதித்து சில நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. ஒவ்வொரு நட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் திருடன் சிக்குவான்!

இன்னொரு சங்கதி. பிரேக் ஆயில் பட்டால் பெயிண்டு உரிந்துவிடும். பெயிண்டை முதலில் அடித்தவர் அந்தச் செலவை இரண்டாவது தடவையும் செய்ய வேண்டியதுதான்!

சட்டமும் விடாது

சரக்கு ஏற்றும் வண்டிக்கு எப்.சி. கட்டாயம். அங்கே பிரேக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள். 50 வயது தாண்டிய, வியாபாரத்துக்கு ஓட்டாத வண்டிகளுக்கு 'வின்டேஜ்' பதிவு என்று 2021-ல் மத்திய அரசு தனி விதி போட்டது. வயசான வண்டிக்கு மரியாதை உண்டு. ஆனால் பிரேக் இல்லாமல் ஓடலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

பிரேக் பைப்பை யாரும் நின்று பார்த்து 'சபாஷ்' போடப் போவதில்லை. போட்டோவிலும் வராது. ஆனால் ரோட்டைக் கடக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையின் உயிர் அந்த மெல்லிய பைப்பில்தான் தொங்குகிறது.

பெயிண்டு, நாலு பேர் பார்க்க. பிரேக், நாலு பேர் பிழைக்க!