வேலியில்லாப் பயிர்

அரசாங்கம் என்பதே அநாவசியமான சுமை. அது நீங்கினால் ஜனங்கள் தமக்குள் ஒழுங்கு செய்துகொண்டு சுகமாக வாழ்வார்கள் என்று வாதிப்போர் எக்காலத்தும் உண்டு. சிறு கிராமத்துக்கு இது பொருந்தலாம். லட்சக்கணக்கானோர் வாழும் தேசத்துக்குப் பொருந்துமா? இதை ஏட்டளவில் ஆராய்வதைக் காட்டிலும், உண்மையிலேயே அரசின்றி வாழ நேர்ந்த ஒரு நாட்டை நோக்குவதே தக்கதென நாம் கருதுகிறோம். ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையிலுள்ள ஸோமாலியாவே அந்நாடு.

1991 ஜனவரியில் சர்வாதிகாரி ஸியாத் பாரே தலைநகரான மொகடிஷுவை விட்டு ஓடினார். அவரோடு அரசாங்கமும் மறைந்தது. 2012-ல் நிரந்தர மத்திய அரசாங்கம் அமையும் வரையில், இடையே தோன்றிய தற்காலிக அரசாங்கங்களின் ஆணை நாடெங்கும் செல்லவில்லை. ஒழிந்துபோன அரசாங்கத்துக்காக எவரும் கண்ணீர் வடிக்க வேண்டுவதில்லை. 1988-ல் அது தன் நாட்டு நகரமாகிய ஹர்கெய்ஸாவின் மீதே விமானங்களை ஏவிக் குண்டு பொழிந்தது. வேலியே பயிரை மேய்ந்தது.

வேலி போன பின் நேர்ந்தது என்ன? வியாபாரம் நிற்கவில்லை. ஆடுகளும் ஒட்டகங்களும் அராபிய நாடுகளுக்குக் கப்பலேறின. டெலிபோன் கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் குறைந்த கட்டணத்தில் சேவை செய்தன. வெளிநாடு சென்றோர் அனுப்பிய பணம் ஹவாலா வியாபாரிகளின் நாணயத்தை நம்பியே வீடு வந்து சேர்ந்தது. மத்திய பாங்கி இல்லாமலே பழைய ஷில்லிங் நோட்டுகள் செலாவணியாயின. வழக்குகளைக் குல மூப்பர்கள் மரத்தடியில் கூடிப் பழைய வழக்காற்றின்படி தீர்த்தனர். கொலை நேர்ந்தால், கொலையாளியின் குலத்தார் ஒட்டகங்களை ஈடாகக் கொடுத்தனர். அரசின்றியும் சமூகம் இயங்கும் என்போர்க்கு இவை நல்ல சான்றுகள். இவற்றை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஈட்டை வற்புறுத்தி வாங்கவல்லவர் யார்? ஆயுதமும் ஆள்பலமும் உடைய குலத்தாரே. அவை இல்லாதவனுக்கு மரத்தடியிலும் நீதி அரிது. தெற்கே ஜூபா, ஷெபெல்லி நதிகளுக்கு இடைப்பட்ட சமவெளியில் வாழ்ந்த குடியானவர்கள் அவ்விதம் பலமற்றோர். ஆயுதக் கூட்டத்தார் அவர்களுடைய தானியக் குழிகளையும் கால்நடைகளையும் சூறையாடினர். பட்டினிக்கென வந்த நிவாரண தானியமும் கொள்ளைப் பொருளாயிற்று. 1992 பஞ்சத்தில் சுமார் இரண்டு லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் மிகப் பலர் பைடோவா நகரத்தைச் சூழ்ந்த இந்தப் பயிர்த்தொழிலாளரே. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்ற பழமொழிக்கு இதைவிடக் கொடிய விளக்கம் வேண்டுமா?

வடக்கே ஸோமாலிலாந்தில் நிகழ்ந்ததையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். குண்டு வீச்சில் அழிந்த ஹர்கெய்ஸா அங்குதான் இருக்கிறது. அரசாங்கத்தை வெறுக்க அம்மக்களைக் காட்டிலும் அதிகக் காரணம் உடையோர் யார்? எனினும் 1993-ல் அவர்களுடைய மூப்பர்கள் போரமா என்னும் ஊரில் மாதக்கணக்காகக் கூடி, பெரும்பாலும் தம் ஜனங்களின் செலவிலேயே, ஓர் அரசாங்கத்தை நிறுவினர். மூப்பர் சபையையே சட்டசபையின் ஓர் அங்கமாக்கினர். 2003-ல் நடந்த ஜனாதிபதி தேர்தலில் முதலில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 80 வாக்குகளே. தோற்றவர் வழக்காடினார், பின்னர் முடிவை ஏற்றார், 2010 தேர்தலில் வென்று பதவிக்கு வந்தார். அவ்வரசும் குறையற்றதன்று, உள்நாட்டுச் சண்டைகளை அதுவும் கண்டிருக்கிறது. ஆயினும் 80 வாக்குக்காகத் துப்பாக்கியை எடுக்காமல் நியாயஸ்தலத்துக்குச் செல்லலாம் என்ற நம்பிக்கையை அது அளித்தது.

பெரிய சமூகம் அரசின்றி உயிர் வாழும், சந்தை நடத்தும், பணமும் அனுப்பும். ஆனால் செவ்வனே வாழ்ந்ததென்று சொல்வதற்கு, அதிலுள்ள எளியவனும் வாழ்ந்திருக்க வேண்டும். மேய்ந்த வேலியைப் பிடுங்க ஜனங்களுக்குப் பூரண உரிமை உண்டு. பிடுங்கியவர்களே புதிய வேலியை நட்டு, அதைக் காவல் செய்யவும் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.