கெட்டியான பானம்: யாருக்கு, எதற்காக?

தண்ணீர் குடிக்கும்போது எப்போதாவது புரை ஏறுவது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் உங்களுக்கோ உங்கள் துணைவருக்கோ குடிக்கும் ஒவ்வொரு முறையும் இருமல் வருகிறதா? குடித்து முடித்த பிறகு தொண்டையில் தண்ணீர் தங்கியதுபோல் குரல் மாறுகிறதா? சாப்பிட ஆகும் நேரம் நீண்டுகொண்டே போகிறதா? உடல் எடை குறைகிறதா? இவை விழுங்குவதில் சிரமம் இருப்பதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், முதுமை மறதிநோய் உள்ளவர்களிடம் இதை அடிக்கடி காணலாம். “வயதானால் அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள்.

சோற்றைவிடத் தண்ணீரை விழுங்குவது எளிது என்று நினைக்கிறோம். தொண்டைத் தசைகள் தளர்ந்தவர்களுக்கு அது நேர்மாறு. நாம் விழுங்கும் நொடியில் மூச்சுக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். தண்ணீர் மிக வேகமாக ஓடுவதால், குழாய் மூடுவதற்குள் அது உள்ளே போய்விடுகிறது. அப்படி நுரையீரலுக்குள் இறங்கும் நீரும் வாயிலுள்ள கிருமிகளும் நிமோனியாவை உண்டாக்கலாம். சிலருக்கு இருமல்கூட வராது. அதனால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. பானத்தைச் சற்றுக் கெட்டியாக்கினால் அது மெதுவாக இறங்கும், தொண்டைக்கு அவகாசம் கிடைக்கும். மருத்துவமனையில் ஒரு டின் தூளைக் கொடுத்து அனுப்புவது இதற்காகத்தான்.

டின்னுக்குள் இருப்பது என்ன?

பாதாம் பிசினை இரவில் ஊறவைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிறு கட்டி காலையில் கிண்ணம் நிறைய உப்பி நிற்கும். பிசின் என்பது மிக நீளமான சர்க்கரைச் சங்கிலிகள். அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இனிப்புச் சுவை இல்லாத சர்க்கரை இது. நம் உடலால் அதைச் செரிக்க முடியாது, நார்ச்சத்தாகவே குடலுக்குப் போகிறது.

தேக்கா சந்தையில் வாங்கிப் பொரியல் செய்யும் கொத்தவரங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முற்றிய விதையை அரைத்தால் கிடைப்பது குவார் பிசின். ராஜஸ்தானின் வறண்ட நிலங்களில் இது பெருமளவில் விளைகிறது. ஐஸ்கிரீம் நறநறவென்று ஆகாமல் இருக்கவும், குழம்புபோன்ற சாஸ்கள் நீர்த்துப் போகாமல் இருக்கவும் அதைச் சேர்க்கிறார்கள். பாறையைப் பிளந்து எண்ணெய், எரிவாயு எடுக்கும் இடங்களில், மணலைப் பிளவுகளுக்குள் சுமந்து செல்லும் நீரைக் கெட்டியாக்குவதும் இதே கொத்தவரை விதைதான்! உணவுப் பொட்டலத்தில் 412 என்ற எண்ணைக் கண்டால் அது குவார். 410 என்பது மத்தியதரைக் கடல் பகுதியில் வளரும் கேரப் மரத்தின் விதை. 414 என்பது வேல மரப் பிசின். சூடான் நாட்டிலிருந்து அதிகம் வருகிறது.

விழுங்கச் சிரமப்படுவோருக்கான தூள்களில் பெரும்பாலும் இருப்பது 415, அதாவது சாந்தன் பிசின். இது மரத்திலிருந்து வருவதில்லை. முட்டைக்கோஸ் வகைச் செடிகளில் நோய் உண்டாக்கும் ஒரு நுண்ணுயிரைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்து, அது உருவாக்கும் பிசினைப் பிரித்து உலர்த்துகிறார்கள். 1969ஆம் ஆண்டில் அமெரிக்கா இதை உணவில் சேர்க்க அனுமதித்தது.

“கஞ்சி போதாதா?”

பலரும் கேட்கும் நியாயமான கேள்வி. கஞ்சியும் கெட்டியானதுதான், ஆனால் அதைக் கெட்டியாக்குவது மாவுச்சத்து. நம் உமிழ்நீர் மாவுச்சத்தை உடைத்துவிடும். வாயில் வைத்த கரண்டியை மீண்டும் கஞ்சிக் கிண்ணத்தில் போட்டு வைத்தால், சிறிது நேரத்தில் கஞ்சி நீர்த்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் வாய்க்குப் பாதுகாப்பாக இருந்தது கடைசி வாய்க்கு அப்படி இருக்காது. சாந்தன் பிசினை உமிழ்நீரால் உடைக்க முடியாது, அதனால் கோப்பை காலியாகும்வரை கெட்டித்தன்மை மாறாமல் இருக்கும்.

கடைகளில் மாவுச்சத்தால் செய்த தூளும் கிடைக்கிறது. விலை குறைவு என்று நீங்களாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறாதீர்கள். கரண்டி அளவும் வேறுபடும். இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் மேக்ரோகோல் வகை மருந்தை, மாவுச்சத்துத் தூள் சேர்த்த பானத்தில் கலந்தால் அது மீண்டும் தண்ணீர்போல் ஆகிவிடும். அந்த மருந்து எடுப்பவர்கள் மருந்தாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எவ்வளவு கெட்டி?

கெட்டி கூடக்கூட நல்லது என்பது தவறு. தேவைக்கு மேல் கெட்டியானால் பானம் தொண்டையில் ஒட்டிக்கொண்டு, பிறகு மூச்சுக்குழாய்க்குள் வழியலாம். பானங்களுக்கு 0 முதல் 4 வரை அனைத்துலக அளவுநிலைகள் உள்ளன. 0 என்பது வெறும் தண்ணீர். 4 என்பது கரண்டியால்தான் உண்ண முடியும். எந்த நிலை வேண்டும் என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளர் சோதித்துச் சொல்வார். (பெயர் பேச்சுச் சிகிச்சை என்றாலும், விழுங்குவதைக் கவனிப்பவரும் அவர்தான்.) வீட்டில் சரிபார்க்க ஒரு வழி உண்டு. அவர் காட்டும் அதே வகை ஊசியில்லாச் சிரிஞ்சில் 10 மில்லிலிட்டர் பானத்தை ஊற்றி, 10 விநாடி ஒழுகவிட வேண்டும். மிஞ்சுவது 1 முதல் 4 மில்லிலிட்டர் என்றால் நிலை 1. 4 முதல் 8 என்றால் நிலை 2. 8க்கு மேல் மிஞ்சியும் கொஞ்சம் ஒழுகியிருந்தால் நிலை 3.

டின்னில் உள்ள கரண்டியைத் தலைதட்டி அளந்து, உடனே நன்றாகக் கலக்கி, சில நிமிடங்கள் வையுங்கள். பால், மைலோ, சத்துப் பானங்கள் கெட்டியாக அதிக நேரம் ஆகும். பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்: “இன்னும் தண்ணியாக இருக்கிறதே” என்று இரண்டாவது கரண்டியைப் போட, பத்து நிமிடத்தில் அது களியாகிவிடும். காத்திருங்கள். கட்டி தட்டினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ஐஸ்கிரீம் வாயில் உருகித் தண்ணீராகும் என்பதால் அதையும் சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொண்டே கொடுக்க வேண்டும். அகர் அகர் உருகாது. ஆனால் துண்டு துண்டாக உடையும், நன்றாக மெல்ல முடியாதவர்களுக்கு அது ஆபத்து.

தூளை எட்டாத இடத்தில் வையுங்கள்

டின்னைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவைக்காதீர்கள். உலர்ந்த தூளை அப்படியே வாயில் போட்டால் எச்சிலில் உப்பித் தொண்டையை அடைத்துவிடும். பிரிட்டனில் இப்படி ஒருவர் இறந்ததையடுத்து, 2015இல் அந்நாட்டுச் சுகாதாரச் சேவை எச்சரிக்கை விடுத்தது. மறதிநோய் உள்ளவர் வீட்டில் இருந்தால், குடும்பத்தாரும் பணிப்பெண்ணும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். யாருக்காவது மூச்சு அடைத்தால் உடனே 995ஐ அழையுங்கள். இசப்பகோல் உமியும் இதேபோல் உப்பும். விழுங்கச் சிரமம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது. பேரக்குழந்தையின் பாலிலும் இந்தத் தூளைச் சேர்க்காதீர்கள்.

கெட்டியான காப்பி பலருக்கும் பிடிப்பதில்லை. அதைக் குறை சொல்ல முடியாது. பிடிக்காததால் குறைவாகக் குடித்து, உடலில் நீர் வற்றிப்போவதுதான் கவலை. சிறுநீர் அடர்நிறமாவதும், தலைசுற்றலும் அதற்கான அறிகுறிகள். அப்படி இருந்தால் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சொல்லி, விழுங்கும் திறனை மறுபடி சோதிக்கக் கேளுங்கள். பக்கவாதத்திலிருந்து தேறும் சிலர், பயிற்சிக்குப் பிறகு வெறும் தண்ணீருக்கே திரும்பிவிடுகிறார்கள்.